முந்நூறு பேரின் சிரிப்பு

1964 அக்டோபர் 15, பிரிட்டனில் பொதுத் தேர்தல். பதின்மூன்று ஆண்டுகளாக எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருந்த தொழிற்கட்சிக்கு இந்த முறை காற்று சாதகமாக வீசியது. அதன் தலைவர் ஹரால்ட் வில்சனுக்கு இருந்த கவலைகளில் ஒன்று, அன்றைய தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரல். வாக்குச்சாவடிகள் இரவு ஒன்பது மணிக்கு மூடும். அதற்கு முன்பே பிபிசியில் 'ஸ்டெப்டோ அண்ட் சன்' என்ற நகைச்சுவைத் தொடர் மறுஒளிபரப்பு ஆகும் என்று அறிவித்திருந்தார்கள். வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளி சாப்பிட்டுவிட்டு ஓட்டுப் போடப் போவாரா, டிவி முன் உட்கார்ந்துவிடுவாரா? வில்சன் பிபிசியின் தலைமை இயக்குநர் ஹ்யூ கிரீனிடமே போய்ப் பேசினார். (நாவலாசிரியர் கிரஹாம் கிரீனின் தம்பி இவர்.) நிகழ்ச்சி ஒன்பது மணிக்குத் தள்ளிப்போனது. தொழிற்கட்சி நான்கே இடப் பெரும்பான்மையில் ஆட்சியைப் பிடித்தது. அதில் இந்தத் தொடருக்கு எவ்வளவு பங்கு என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. ஒரு தலைவர் சிட்காமைக் கண்டு பயந்தார் என்பதே எனக்குப் போதும்.

அப்படி என்ன இருந்தது அதில்? காயலான் கடைக்காரர்கள் இரண்டு பேர். லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் குதிரை வண்டி ஓட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பழைய சாமான் வாங்கும் அப்பாவும் மகனும். அப்பா ஆல்பர்ட் அழுக்கர், கஞ்சர், தந்திரக்காரர். நாற்பதை நெருங்கிவிட்ட மகன் ஹரால்டுக்குப் புத்தகம், இசை, நல்ல மனிதர்களின் சகவாசம் என்று ஆயிரம் ஆசை. 1962 ஜனவரியில் ஒளிபரப்பான முதல் கதையின் கடைசிக் காட்சியில், மகன் வீட்டை விட்டுப் போக முடிவெடுத்துத் தன் தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் வண்டியில் ஏற்றுகிறான். குதிரையைத் தர அப்பா மறுக்கிறார். தானே இழுத்துக்கொண்டு போகிறேன் என்று வண்டியைப் பிடித்து இழுக்கிறான். வண்டி அசையவில்லை. மறுபடி இழுக்கிறான், தள்ளுகிறான், கடைசியில் அப்படியே சாய்ந்து அழுகிறான். கிழவர் சமாதானம் சொல்லி உள்ளே அழைத்துப் போகிறார். நகைச்சுவை நாடகம் என்று நம்பி டிவியைப் போட்டவர்களுக்குக் கிடைத்தது இதுதான்.

எழுதிய ரே கால்டன், ஆலன் சிம்ப்சன் இருவரும் பதின்ம வயதில் காசநோய் மருத்துவமனையில் படுத்திருந்தபோது நண்பர்களானவர்கள். அடைபட்ட மனிதர்களைப் பற்றி எழுத அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அப்பாவாக நடித்த வில்ஃப்ரிட் பிராம்பெல்லுக்கும் மகனாக நடித்த ஹாரி கார்பெட்டுக்கும் வயது வித்தியாசம் பதின்மூன்றே ஆண்டுகள். இருவருமே துணுக்கு சொல்லிப் பழகிய நகைச்சுவைக்காரர்கள் அல்லர், நாடக நடிகர்கள். அதுவரை சிட்காம் என்றால் ஏற்கெனவே பேர் வாங்கிய கோமாளிக்குத் தைத்த சட்டை. இங்கே சட்டை முதலில் தயாரானது.

பின்னால் வந்த பெரிய தொடர்களிலெல்லாம் இந்த அடைபடல் இருக்கிறது. 'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடரில் பாசில் ஃபால்ட்டி தன் ஹோட்டலிலும் தன் கல்யாணத்திலும் மாட்டிக்கொண்டவர். 'பாரிட்ஜ்' தொடரின் ஃப்ளெட்சருக்குச் சிறையே வீடு. 'டாட்ஸ் ஆர்மி'யின் கேப்டன் மெயின்வாரிங் வங்கி மேலாளர், ஊர்க்காவல் படையின் தலைவர். ஆனால் அவருக்குக் கீழே வேலை செய்யும் சார்ஜென்ட் வில்சன் அவரைவிட உயர்ந்த குடியில் பிறந்து உயர்ந்த பள்ளியில் படித்தவர். வில்சன் அதைச் சொல்லிக்காட்டுவதே இல்லை. அலட்சியமாக ஒரு புன்னகை, அவ்வளவுதான். மெயின்வாரிங்குக்கு அது போதும், வயிறு எரிய. ஜெர்மானியர்களோடு போரிட வேண்டிய படை, ஒன்பது ஆண்டுகள், 80 எபிசோடுகள், பெரும்பாலும் இந்த ஒரு வயிற்றெரிச்சலோடுதான் போரிட்டது. பிரிட்டனின் வர்க்க அமைப்பைப் பற்றி எத்தனையோ ஆய்வு நூல்கள் உண்டு. இந்த இருவரும் ஒரு மேஜைக்கு இரு பக்கமும் நிற்கும் ஒரு நிமிடத்துக்கு ஈடாக நான் படித்தவற்றில் ஒன்றையும் சொல்லத் தோன்றவில்லை.

அந்தக் காலத்தில் இவை தயாரான விதத்தைத் தெரிந்துகொண்டால் பல விஷயங்கள் பிடிபடும். லண்டனின் மேற்கே ஆக்டனில் பிபிசிக்கு ஓர் ஒத்திகைக் கட்டடம் இருந்தது. தரையில் வண்ண நாடா ஒட்டி, இது கதவு, இது படிக்கட்டு, இது சோபா என்று அடையாளம் போட்டிருப்பார்கள். வார நாள்களில் நடிகர்கள் அந்தக் கோடுகளுக்குள் நடந்து நடந்து வசனத்தை உடம்பில் ஏற்றிக்கொள்வார்கள். வார இறுதியில் பிபிசி டெலிவிஷன் சென்டரில் உண்மையான அரங்கம் தயாராக நிற்கும். மாலையில் ஏறத்தாழ முந்நூறு பொதுமக்கள் இலவச டிக்கெட்டோடு வந்து உட்காருவார்கள். முதலில் ஒருவர் மேடையேறி ஜோக் சொல்லிக் கூட்டத்தைச் சூடேற்றுவார். வெளிப்புறக் காட்சிகள் முன்பே ஃபிலிமில் எடுக்கப்பட்டிருக்கும். அவற்றை அரங்கத்திலேயே திரையில் போட்டுக்காட்டி, அதற்கான சிரிப்பையும் பதிவு செய்துகொள்வார்கள். மற்றதெல்லாம் கண்ணெதிரே, கதை வரிசையில், ஒரே மாலையில் நடந்து முடியும்.

ஆக, அது கேமரா வைத்துப் பிடித்த நாடகம். சென்னை சபாக்களில் நகைச்சுவை நாடகம் பார்த்தவர்களுக்கு இந்த லயம் உடனே புரியும்: வசனத்தைப் போட்டுவிட்டு, கைத்தட்டல் ஏறி இறங்கும்வரை முகத்தை மாற்றாமல் நின்று, அடங்கும் தறுவாயில் அடுத்ததை எடுப்பது. அந்த நிற்கும் நேரம் எழுத்தில் கிடையாது. அதை முந்நூறு பேரும் நடிகரும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறார்கள். ஆர்தர் லோவின் மெயின்வாரிங் தொப்பியைச் சரிசெய்துகொள்வதும், ஜான் கிளீஸின் பாசில் மனைவியின் குரல் கேட்டு விறைப்பதும் அந்தக் கூட்டத்தோடு பேசிக்கொண்டவை. 1990களின் கடைசியில் விக்டோரியா வுட் 'டின்னர்லேடீஸ்' எடுத்தபோது ஒவ்வொரு எபிசோடையும் இரண்டு இரவுகள் இரண்டு கூட்டங்களுக்கு முன் பதிவு செய்தார். முதல் இரவில் எந்த வசனம் நொண்டியது என்று பார்த்து, மறுநாளுக்குள் திருத்தி எழுதிவிடுவார்.

இந்தக் கலை உச்சத்தில் எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு காட்சி போதும். 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்', 1989. பெக்கம் சந்தையில் கேள்வி கேட்காமல் எதையும் வாங்கி விற்கும் டெல் பாய், பணக்காரர்கள் வரும் ஒயின் பாருக்குத் தன் நண்பன் டிரிக்கரோடு வந்திருக்கிறார். தாட்சர் காலத்துப் புதுப் பணக்காரனைப் போல உடை. இரண்டு பெண்கள் பார்ப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு. கவுன்டரில் ஒயிலாகச் சாய்கிறார், நிமிர்கிறார். அந்த இடைவெளியில் பணியாளர் கவுன்டரின் தூக்குப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே போகிறார். டெல் பேசிக்கொண்டே மறுபடி சாய்கிறார். அங்கே ஒன்றும் இல்லை. மரம் சாய்வதுபோல விறைப்பாக, பக்கவாட்டில், கேமராவின் பார்வையிலிருந்தே மறைகிறார்.

அந்தக் காட்சி பிறந்த கதையும் சுவையானது. எழுத்தாளர் ஜான் சல்லிவன் ஒரு பாரில் ஒருவர் இப்படிச் சாயப் போய்க் கடைசி நொடியில் சமாளித்துக்கொண்டதைப் பார்த்திருந்தார். சமாளிக்காமல் முழுசாகவே விழுந்துவிடலாமே என்றார் நடித்த டேவிட் ஜேசன். விழும்போது மனித உடம்பு தானாகவே அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கும், கை ஊன்றும். ஜேசன் இரண்டையும் செய்யவில்லை. பார்வை டிரிக்கர் பக்கமே இருக்க, உடம்பு மட்டும் போகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது டிரிக்கராக நடித்த ரோஜர் லாயிட் பாக் செய்வது. டெல் விழுந்ததை அவர் பார்க்கவே இல்லை. திரும்பினால் ஆள் இல்லை. எங்கே போனான் என்று வாசல் பக்கம் தேடுகிறார். அரங்கம் வெடித்துச் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் டெல் எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, கிளம்பலாம் என்கிறார்.

அன்று சேனல்களும் குறைவு. 1982இல் நான்காவது சேனல் வரும்வரை மூன்றே மூன்றுதான். வேறு வழியில்லாமல் பார்த்தார்கள் என்று இன்று சிலர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதி, ஒரே இரவில் நாட்டின் பெரும் பகுதி ஒரே கதையைப் பார்த்ததால் மறுநாள் ஆலையிலும் ஆபீஸிலும் பேச ஒரு பொது விஷயம் இருந்தது. டெல் பாயும் தம்பி ராட்னியும் கடைசியில் கோடீஸ்வரர்களாகும் எபிசோடை 1996 டிசம்பர் 29 அன்று 2 கோடியே 43 லட்சம் பேர் பார்த்தார்கள். பிரிட்டிஷ் சிட்காமில் அதை மிஞ்சிய கணக்கு இல்லை.

ஆனால் அந்தக் காலத்தில் அதைத் தயாரித்தவர்கள்கூட அதைப் பொக்கிஷமாக நினைக்கவில்லை. வீடியோ டேப் விலை அதிகம், ஒளிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதிலேயே வேறொன்றைப் பதிவார்கள். ஹான்காக் என்ற நகைச்சுவை நடிகரின் தொடரில் பல எபிசோடுகள் அப்படிப் போயின. 'டாட்ஸ் ஆர்மி'யின் இரண்டாம் வரிசையில் மூன்று எபிசோடுகள் இன்றுவரை கிடைக்கவில்லை. இன்று நிலைமை நேர்மாறு. எல்லாம் இருக்கிறது, எப்போதும் இருக்கிறது. பழைய சிட்காம்களை இரவு பகலாகப் போட்டே பிழைக்கும் சேனல்கள் உண்டு. அப்பா பிறப்பதற்கு முன் எடுத்ததைப் பேரன் போனில் பார்க்கிறான்.

அப்படி எல்லாம் இருப்பதில் ஒரு சங்கடமும் வந்து சேர்ந்தது. அந்த முந்நூறு பேர் எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதும் டேப்பில் இருக்கிறது.

'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' நம்மில் பலருக்குத் தெரியும். 1977இல் ஐடிவியில் தொடங்கியது. லண்டனில் ஒரு மாலை நேர ஆங்கில வகுப்பு, பொறுமைசாலி வாத்தியார் பிரவுன், உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்த மாணவர்கள். சீக்கியர் ரஞ்சித் சிங், ஆயிரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தலையை ஆட்டுவார். பாகிஸ்தானியர் அலி எல்லாவற்றையும் தப்பாகவே புரிந்துகொள்வார். ஜமீலா பின்னிக்கொண்டே இருப்பார். ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் பஞ்சாபியர் அல்லர், இலங்கையின் கம்பளையில் பிறந்தவர். அன்றைய பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்குத் தெற்காசியர் என்றால் எல்லோரும் ஒன்றுதான், தலைப்பாகை கட்டினால் முடிந்தது. பார்வையாளர்கள் குறையாதபோதே 1979இல் அதை நிறுத்தினார், தயாரித்த எல்டபிள்யூடி நிறுவனத்தின் மைக்கேல் கிரேட். இனக் கேலியாக இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம்.

வேடிக்கை என்னவென்றால், கேலி செய்யப்பட்ட நாடுகளிலேதான் அது ஓஹோ என்று ஓடியது. இந்தியாவிலும் இலங்கையிலும் விரும்பிப் பார்த்தார்கள். 1993இல் பங்கஜ் கபூர் நடிக்க இந்தியிலேயே 'ஜபான் சம்பால்கே' என்று எடுத்தார்கள். அதில் வகுப்புக்கு வருபவர்கள் இந்தி கற்க வருபவர்கள். அங்கே மதராஸிக்கு என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. யார் வாத்தியார் நாற்காலியில் உட்காருகிறார்களோ, அவர்களைத் தவிர மற்றவர்கள் எல்லாம் ஜோக். இன்றும் அந்தப் பழைய எபிசோடுகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. மோசஸின் நேரம் தவறாத நடிப்பு அப்படி. சிரித்து முடித்ததும் கொஞ்சம் கூசுகிறது.

'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' சாது. அதைவிட மோசமானவை இருந்தன. 'டாட்ஸ் ஆர்மி' எழுதிய அதே ஜிம்மி பெரியும் டேவிட் கிராஃப்டும் எழுதிய 'இட் எய்ன்ட் ஹாஃப் ஹாட் மம்' 1974 முதல் 1981 வரை ஓடியது. இரண்டாம் உலகப் போரின்போது மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் நாடகம் போடும் ராணுவக் குழுவின் கதை, இங்கிலாந்திலேயே படமானது. அதில் ரங்கி ராம் என்ற இந்திய வேலைக்காரராக வந்தவர் மைக்கேல் பேட்ஸ் என்ற வெள்ளைக்காரர், முகத்துக்குப் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு. அவர் ஜான்சியில் பிறந்தவர், உருது பேசுவார் என்பதெல்லாம் உண்மையே. அதனால் சாயம் சாயமில்லை என்று ஆகிவிடுமா? பிபிசி இப்போது அந்தத் தொடரை மறுஒளிபரப்பு செய்வதில்லை.

'டில் டெத் அஸ் டூ பார்ட்' விவகாரம் இன்னும் சிக்கல். வாயைத் திறந்தால் இனவெறி கக்கும் ஆல்ஃப் கார்னெட்டை எழுத்தாளர் ஜானி ஸ்பைட் படைத்தது அந்த ஆளைப் பார்த்து ஊர் சிரிக்க வேண்டும் என்றுதான். ஒரு கூட்டம் அப்படிச் சிரித்தது. இன்னொரு கூட்டம், நம் மனசில் இருப்பதை இவர் தைரியமாகச் சொல்கிறாரே என்று கைத்தட்டியது. பதிவான ஒலியில் இரண்டையும் பிரித்தெடுக்க முடியாது. ஸ்டுடியோ சிரிப்பின் பெரிய பலவீனம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எதற்காகச் சிரித்தாய் என்று அந்த முந்நூறு பேரைக் கேட்க வழியே இல்லை.

2001இல் அந்தச் சிரிப்பே காணாமல் போனது. ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீபன் மெர்ச்சன்ட்டும் எடுத்த 'தி ஆஃபீஸ்', ஸ்லௌ என்ற ஊரில் காகித வியாபாரம் செய்யும் ஒரு கிளை அலுவலகத்தைப் பற்றிய ஆவணப்படம் போலவே வேடம் போட்டு வந்தது. பார்வையாளர் கூட்டம் இல்லை, படிக்கட்டு இல்லை, படார் என்று சாத்தும் கதவு இல்லை. ஃபோட்டோகாப்பி இயந்திரத்தின் முனகல் மட்டும். மேலாளர் டேவிட் பிரென்ட் ஓர் அசட்டு ஜோக் சொல்வார், யாரும் சிரிக்க மாட்டார்கள், அவர் கண் ஓரமாகக் கேமராவைப் பார்க்கும். பழைய நடிகர் சிரிப்பு அடங்கக் காத்திருந்த அதே இடைவெளிதான். இப்போது அதில் நிரம்பியிருப்பது அவமானம். வீட்டில் உட்கார்ந்திருப்பவர் எங்கே சிரிக்க வேண்டும் என்று தானே முடிவு செய்யவேண்டிய நிலை வந்தது. 'தி ஆஃபீஸ்' அமெரிக்கா போய், 2019இல் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது.

அதன் பிறகு நல்ல சிட்காம் என்று விமர்சகர்கள் கொண்டாடியவற்றில் பெரும்பாலானவை ஓசையில்லாதவை. 2016இல் ஃபீபி வாலர் பிரிட்ஜ் எழுதி நடித்த 'ஃப்ளீபேக்' கேமராவை நோக்கிப் பேசுகிறது, கூட்டத்தோடு அல்ல, உங்களோடு மட்டும். இப்படிப்பட்ட தொடர்கள் சினிமாவைப் போல எடுக்கப்படுகின்றன: ஒரே கேமரா, இயல்பான வெளிச்சம், உண்மையான தெரு. அழகாகவும் இருக்கின்றன. ஒரு குறை சொல்லலாம் என்றால், பலவற்றில் சோகத்தைக் காட்டும் அவசரத்தில் ஜோக் மறந்துபோகிறது. 'ஸ்டெப்டோ' இரண்டையும் ஒரே அரை மணியில் செய்தது.

ஆனால் யார் எழுதுகிறார்கள் என்பதில் வந்த மாற்றத்துக்கு எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு கிராலியில் பிறந்த ரொமேஷ் ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு நகைச்சுவைக்கு வந்தவர். 2018இல் அவர் ஸ்கை சேனலுக்காக உருவாக்கிய 'தி ரிலக்டன்ட் லேண்ட்லார்ட்' தொடரில், அப்பா விட்டுச்சென்ற பப்பை விருப்பமில்லாமல் நடத்தும் மகன். பாத்திரத்தின் பெயரும் ரொமேஷ்தான். தலைப்பாகை வேண்டாம், தலையாட்டல் வேண்டாம், உச்சரிப்பு வேண்டாம். அவர் சோம்பேறி, முணுமுணுப்புக்காரர், எதையும் ஒழுங்காகச் செய்யத் தெரியாதவர் என்பதற்காக நாம் சிரிக்கிறோம். கம்பளையில் பிறந்தவர் வாங்கிக்கட்டிய சிரிப்புக்கும் இதற்கும் இடையே நாற்பது ஆண்டுகள்.

பழைய பாணி முழுவதும் செத்துவிடவில்லை. லீ மேக்கின் 'நாட் கோயிங் அவுட்' 2006இல் தொடங்கி இன்றும் பார்வையாளர்களை உட்காரவைத்தே பதிவாகிறது. கூட்டம் கூடும் பழக்கமும் சாகவில்லை: 2024 கிறிஸ்துமஸ் இரவில் 'கேவின் அண்ட் ஸ்டேசி'யின் கடைசி எபிசோடை ஒளிபரப்பான அந்த நேரத்திலேயே 1 கோடியே 23 லட்சம் பேர் பார்த்தார்கள். பின்னால் ஆறஅமரப் பார்த்தவர்கள் தனிக் கணக்கு. 1996இன் எண்ணில் பாதிதான். ஆனால் ஆயிரம் வேறு பொழுதுபோக்குகள் கையிலேயே இருக்கும் காலத்தில் பாதி என்பது சாதாரணமா?

'ஃபால்ட்டி டவர்ஸ்' மொத்தமே பன்னிரண்டு எபிசோடுகள், 1975இல் ஆறு, 1979இல் ஆறு. கிளீஸும் கோனி பூத்தும் ஒவ்வொன்றுக்கும் வாரக்கணக்கில் உழைத்து எழுதினார்கள். டார்க்கீ ஊரில் கிளீஸ் தங்கிய ஓர் ஓட்டலின் முசுட்டு முதலாளிதான் பாசிலுக்கு மூலம். 2020இல் ஒரு ஸ்ட்ரீமிங் தளம் அதன் 'ஜெர்மன்ஸ்' எபிசோடை இறக்கியது, அதில் கிழட்டு மேஜர் பேசும் இனக் கேலிக்காக. எதிர்ப்பு கிளம்பியதும் எச்சரிக்கை வாசகம் ஒட்டித் திரும்ப ஏற்றியது. மேஜரைப் பார்த்துத்தானே சிரிக்கிறோம், மேஜரோடு சேர்ந்து அல்லவே என்று கிளீஸ் கோபப்பட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2024இல், மூன்று எபிசோடுகளைப் பின்னி அவரே அதை லண்டன் அப்பலோ தியேட்டரில் இரண்டு மணி நேர நாடகமாக ஏற்றியபோது மேஜரின் அந்த வரிகளை விட்டுவிட்டார்.

டெல் பாய் அதற்கும் ஐந்து ஆண்டுகள் முன்பே, 2019இல், இசை நாடகமாக மேடை ஏறிவிட்டார். டிக்கெட் வாங்கி உள்ளே போகிறவர்களில் பலருக்கு வசனம் மனப்பாடம். அடுத்து என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். நடிகர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சிரிப்பு வந்துவிடுகிறது, அது ஓயும்வரை அவர் நிற்க வேண்டியிருக்கிறது, வசனத்தை இன்னும் சொல்லாமலேயே.